குளத்துத் துளியில் ஒன்றும் தெரியவில்லையா? நுண்ணோக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளத்துத் தண்ணீரை முதன்முதலாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர்களில் பலருக்குத் தெரிவது கலங்கலான வெளிச்சமும் கறுப்பு வளையம் கட்டிய நாலைந்து வட்டங்களும்தான். அந்த வட்டங்கள் உயிரிகள் அல்ல, காற்றுக்குமிழ்கள். ‘மலிவான கருவி, அதான் இப்படி’ என்று பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் பிசகு கருவியில் இருக்காது. தண்ணீர் அள்ளிய இடத்தில் இருக்கும், அல்லது துளியின் கனத்தில், அல்லது ஒளியைத் திறந்துவிட்ட விதத்தில்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்குவது

‘1200 மடங்கு’ என்று பொம்மை நுண்ணோக்கிகளின் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கணினியில் செருகும் யூஎஸ்பி வகைகளில் சொல்லும் ‘1000 மடங்கு’ பெரும்பாலும் திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு. இந்த எண்களை விட்டுவிட்டு, பொருளை நோக்கியிருக்கும் ஆப்ஜெக்டிவ் லென்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். 40/0.65 என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது பெருக்கம். இரண்டாவது நியூமரிக்கல் அப்பர்ச்சர், அதாவது அந்த லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்வாங்கும் என்பதற்கான அளவு. நுணுக்கம் தெரிவது இந்த இரண்டாவது எண்ணால்.

ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 1873இல் வெளியிட்ட கணக்கு எளிது. ஒளியின் அலைநீளத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால் 10/0.25 லென்ஸுக்கு 1.1 மைக்ரான், 40/0.65 லென்ஸுக்கு ஏறக்குறைய 0.42 மைக்ரான். பயனுள்ள மொத்தப் பெருக்கம் நியூமரிக்கல் அப்பர்ச்சர் எண்ணின் 500 முதல் 1000 மடங்குக்குள் அடங்கிவிடும். எனவே 40எக்ஸ் (40 மடங்கு) ஆப்ஜெக்டிவுக்கு 650 மடங்குதான் எல்லை. அதன்மேல் 25எக்ஸ் ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) மாட்டி 1000 மடங்கு ஆக்கினால் படம் பெரிதாகும், மங்கலும் சேர்ந்தே பெரிதாகும். டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக் 1674இல் ஏரி நீரில் நுண்ணுயிர்களைக் கண்டது ஒற்றை லென்ஸில். எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் வலுவானதே சுமார் 270 மடங்குதான்.

குளத்து உயிரிகளுக்கு 4, 10, 40 ஆகிய மூன்று ஆப்ஜெக்டிவ்களும் 10எக்ஸ் ஐபீஸும் போதும். எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் 100எக்ஸ் லென்ஸை உயிரோடு நீந்துவனவற்றுக்குப் பயன்படுத்துவது வீண் வேலை. எண்ணெய் கவர் ஸ்லிப்பை (துளியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டை) பிடித்து இழுக்கும், பிறகு அதே எண்ணெய் 40எக்ஸ் லென்ஸிலும் ஒட்டும். பழைய லென்ஸ்களை வாங்கிச் சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: 160/0.17 என்று பொறித்ததும் (160 மில்லிமீட்டர் நீளக் குழாய்க்கானது) ∞/0.17 என்று பொறித்ததும் ஒரே உடலில் சரியாக வேலை செய்யாது.

நேராக 40எக்ஸுக்குத் தாவுவதும் இதே மயக்கத்தின் இன்னொரு முகம். ஐபீஸின் பார்வை வட்டம் 18 மில்லிமீட்டர் என்றால், 4எக்ஸில் 4.5 மில்லிமீட்டர் அகலப் பரப்பு தெரியும். 10எக்ஸில் 1.8, 40எக்ஸில் வெறும் 0.45. விநாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் நீந்தும் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி அந்த வட்டத்தை அரை விநாடியில் கடந்துவிடும். 4எக்ஸில் தேடுங்கள், 10எக்ஸில் நிதானமாகப் பாருங்கள். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் மட்டும் 40எக்ஸுக்குப் போகலாம்.

தெளிந்த தண்ணீரை அள்ளுவது

நடுக்குளத்துத் தெளிந்த நீரில் ஒரு துளிக்கு ஒன்றிரண்டு உயிரிகள் கிடைத்தாலே பெரிது. கூட்டமாக இருப்பது ஏதாவது ஒரு பரப்பை ஒட்டித்தான். வேலம்பாசியின் இலையடுக்கு, ஆகாயத்தாமரையின் தொங்கும் வேர், படிக்கல்லில் வழுக்கும் பழுப்புப் பூச்சு, அழுகும் இலையின் அடிப்பக்கம், வண்டலின் மேல் 2 மில்லிமீட்டர் படலம் ஆகியவைதான் நல்ல இடங்கள். பாசியை ஒரு கைப்பிடி எடுத்து, புட்டியின் வாயில் வைத்துப் பிழியுங்கள். பிழிந்த நீரின் அடியில் படியும் குப்பையிலிருந்து சொட்டுக்குழாயால் எடுங்கள். வண்டல், வேர், படிக்கல் வழுக்கு ஆகியவற்றைத் தனித்தனிப் புட்டிகளில் எடுத்து இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்றிலோ தொட்டியிலோ தேடிப் பயனில்லை.

புட்டியைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுவது அடுத்த பிழை. பாதி நீர், பாதி காற்று என்று விடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தால் வீடு சேர்வதற்குள் வெந்துவிடும். சூடேறிய நீரில் ஆக்ஸிஜன் குறையும், ஸ்டென்டர் போன்ற பெரிய சிலியேட்டுகள் (சிலியா எனும் நுண்மயிர்கள் கொண்ட ஒற்றைச் செல் உயிரிகள்) முதலில் சாகும். வீட்டில் அகலமான கிண்ணத்தில் ஊற்றி, நேரடி வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பத்து நாளில் உங்களிடம் இருப்பது கொசுப்பண்ணை. ஆவியாகிக் குறைந்தால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் கொன்றுவிடும். அதே குளத்து நீரை வடிகட்டி வைத்திருந்து ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

வைக்கோல் ஊறலில் பாரமீசியம் வளர்க்க முயல்பவர்கள் வைக்கோலை அள்ளிப் போடுகிறார்கள். நீர் நாறி, பாக்டீரியா மட்டுமே மிஞ்சும். அரை லிட்டருக்கு 5 கிராம் போதும். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு மூன்று தேக்கரண்டி குளத்து நீர் சேருங்கள். முதல் சில நாள் பாக்டீரியாவால் கலங்கும், அதன்பின் சிறிய சிலியேட்டுகள் வரும், பாரமீசியம் பெருக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மூன்றாம் நாளே கொட்டிவிடாதீர்கள்.

கையில் காயம் இருக்கும்போது மழைக்காலக் குட்டையில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். வாயால் உறிஞ்சிச் சொட்டுக்குழாயை நிரப்பவே கூடாது.

துளியின் கனம்

தோல்விகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கவர் ஸ்லிப் இல்லாமல் துளியை அப்படியே பார்ப்பது 4எக்ஸில் நடக்கும். 40எக்ஸ் லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே கிடைக்கும் தூரம் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான், துளியோ அதைவிட உயரமாகக் குவிந்திருக்கும். லென்ஸ் தண்ணீரில் முங்கும். முங்காவிட்டாலும் வளைந்த நீர்ப்பரப்பு தானே ஒரு லென்ஸாகிப் படத்தைக் கெடுக்கும். கவர் ஸ்லிப்புக்குப் பதில் இன்னொரு ஸ்லைடை மேலே வைப்பதும் ஆகாது, அதன் கனம் 1 மில்லிமீட்டர். லென்ஸில் பொறித்திருக்கும் 0.17 என்பது அது எதிர்பார்க்கும் கவர் ஸ்லிப்பின் கனம். கடையில் ‘1.5 நம்பர்’ என்று கேட்டால் 0.16 முதல் 0.19 மில்லிமீட்டருக்குள் கிடைக்கும்.

அளவு? சாதாரணச் சொட்டுக்குழாயின் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். அது 22 × 22 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்பின் அடியில் பரவினால் 0.1 மில்லிமீட்டர் கன அடுக்காகும். பாரமீசியத்தின் நீளம் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், குறுக்களவு அதில் நாலில் ஒரு பங்குதான் என்பதால் தாராளமாக நீந்தும், அதேநேரம் குவியத்தை விட்டு ஆழத்துக்கு ஓடிவிடாது. இரண்டு சொட்டு விட்டால் கவர் ஸ்லிப் மிதந்து வழுக்கும். உயிரிகள் மேலும் கீழும் போய்வருவதால் குவியக் குமிழைத் திருகியே கை ஓய்ந்துவிடும்.

கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போடாதீர்கள். ஒரு விளிம்பைத் துளியின் ஓரத்தில் தொடவைத்து, 45 டிகிரி சாய்த்து, ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள். காற்றுக்குமிழ் வராது. நீர் ஆவியாக ஆவியாகக் கவர் ஸ்லிப் தாழ்ந்து உயிரிகளை நசுக்கும். ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு வெடித்துக் குடல் வெளியே வருவதைப் பார்த்து ‘பிரசவிக்கிறது’ என்று எழுதி வைப்பவர்கள் உண்டு! இதற்கு மருந்து வாசலின். கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் கடுகளவு தடவி வையுங்கள். கால்போல நின்று கண்ணாடியைத் தாங்கும். ஊசியால் மூலையை அழுத்தினால் அடுக்கின் கனத்தையும் குறைக்கலாம். நெடுநேரம் பார்க்க வேண்டுமானால் விளிம்பு முழுக்க வாசலின் பூசி அடைத்துவிடுங்கள்.

வேகமாக ஓடுவதை நிறுத்த ஆல்கஹாலோ கிளிசரினோ விடுவது தவறு, உடல் சுருங்கி உருமாறும். பஞ்சைப் பிரித்து நாலைந்து இழைகளைத் துளியில் போட்டால் பாரமீசியம் அந்த வேலிக்குள் மாட்டிக்கொள்ளும். இன்னொரு வழி 3 சதவீத மெத்தில் செல்லுலோஸ் கரைசல். அந்தத் தூளைக் குளிர்ந்த நீரில் கொட்டினால் கட்டி கட்டும். சூடான நீரில் கலக்கி, பிறகு குளிரவைத்தால்தான் கரையும். ஒரு துளி கூழுக்கு ஒரு துளி குளத்து நீர் என்று சேருங்கள். அயோடின் கொல்லும் சாயம். யூக்ளினா என்ற பச்சை நுண்ணுயிரின் கசையிழையை (நீந்த உதவும் சாட்டை போன்ற இழையை) காட்ட நல்லது, ஆனால் அதன்பின் எதுவும் நீந்தாது.

எல்லா ஒளியையும் திறந்துவிடுவது

குளத்து உயிரிகள் கண்ணாடிபோல ஊடுதெரிபவை. விளக்கை முழுக்க வைத்து, கண்டென்சரின் (ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸின்) டயாஃப்ரத்தை, அதாவது ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் அமைப்பை, முழுக்கத் திறந்தால் அமீபா வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போகும். இதைக் கண்டவர்கள் எதிர்ப்பக்கம் பாய்ந்து டயாஃப்ரத்தை ஊசித்துளை அளவுக்கு மூடுகிறார்கள். அப்போது விளிம்புகள் ‘பளிச்’சென்று தெரியும். அது பொய்ப் பளிச். ஒவ்வொரு கோட்டுக்கும் இரட்டை வரி விழும், சிலியா இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

சரியான அளவைக் காண ஒரு வழி உண்டு. குவியப்படுத்திய பின் ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஒளிரும் வட்டு ஒன்று தெரியும். அதன் விட்டத்தில் முக்கால் பங்கு தெரியும்வரை டயாஃப்ரத்தை மூடி, ஐபீஸைத் திரும்ப மாட்டுங்கள். ஆப்ஜெக்டிவ் மாறும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டும். வெளிச்சம் கூடவா குறையவா என்பதை விளக்கின் திருகால் சரிசெய்யுங்கள், டயாஃப்ரத்தால் அல்ல. கண்டென்சர் ஏறக்குறைய மேல் எல்லையில் நிற்கட்டும். விளக்குக்குப் பதில் கண்ணாடி பொருத்திய பழைய கருவியை ஒருபோதும் நேரே சூரியனைப் பார்த்துத் திருப்பாதீர்கள், பார்வையே போய்விடும்.

காசு செலவில்லாத ஒரு மாற்றம், பலர் செய்து பார்க்காமலே விடுவது, கரும்புலம்: பின்புலம் இருட்டாக, உயிரி மட்டும் ஒளிரும். கறுப்பு அட்டையில் 15 மில்லிமீட்டர் விட்ட வட்டம் வெட்டி, ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டின் நடுவில் ஒட்டி, கண்டென்சருக்கு அடியிலுள்ள ஃபில்டர் வளையத்தில் வையுங்கள். டயாஃப்ரத்தை முழுக்கத் திறந்து 10எக்ஸில் பாருங்கள். பின்புலம் கறுக்காவிட்டால் வட்டத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பெரிதாக்குங்கள். கறுத்ததும் வால்வாக்ஸ் பாசியின் உருண்டைகள் இருட்டில் பச்சை விளக்குகள்போல உருளும். 40எக்ஸில் இந்த அட்டை வட்டம் பொதுவாக ஏமாற்றும். அங்கே ஒளியின் ஒரு பக்கத்தை மட்டும் அட்டையால் மறைத்துச் சாய்வொளியாக்குங்கள், உடலின் மேடுபள்ளம் நிழலோடு எழும்.

லென்ஸுக்கு நேரும் விபத்துகள்

கண்ணை ஐபீஸில் வைத்துக்கொண்டே பெரிய குமிழால் ஸ்டேஜை (ஸ்லைடு வைக்கும் மேடையை) மேலேற்றுவதுதான் கவர் ஸ்லிப் உடைவதற்கு முதல் காரணம். பக்கவாட்டில் பார்த்தபடி நெருக்கிவிட்டு, பிறகு கண்ணை வைத்து விலக்கிக்கொண்டே குவியுங்கள். 40எக்ஸில் சிறிய குமிழ் மட்டும். 40எக்ஸில் மட்டும் எதுவும் குவியவில்லை என்றால் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வேட்டித் தலைப்பு, துப்பட்டா, டிஷ்யூ பேப்பர் எதுவும் லென்ஸைத் தொடக் கூடாது. முதலில் ரப்பர் குமிழால் ஊதித் தூசியை விரட்டுங்கள். பிறகு லென்ஸ் தாளில் காய்ச்சி வடித்த நீர், அதற்கும் போகாத பிசுக்குக்கு மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கடலோர ஊர்களில் இதைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸுக்குள் சிலந்திவலைபோலப் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். மரப்பெட்டியும் தோலுறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆப்ஜெக்டிவ்களை மட்டும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைப்பது எளிது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

கண்டதெல்லாம் உயிரி அல்ல

நீண்டு முறுக்கிய நிறமற்ற ‘புழு’ பெரும்பாலும் சட்டைப் பஞ்சின் இழை. இரு பக்கமும் காற்றுப்பை வைத்த முட்டை வடிவம் பைன் மரத்து மகரந்தம், கொடைக்கானல் ஏரி நீரில் வரலாம். இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும் புள்ளிகள் நீர் மூலக்கூறுகளின் மோதலால் ஆடும் துகள்கள், பிரௌனியன் இயக்கம். உயிருள்ளது இடம் பெயரும், தடை வந்தால் திரும்பும். பார்வையின் நடுவே அசையாமல் நிற்கும் கறையா? ஐபீஸைச் சுழற்றுங்கள், கூடவே சுழன்றால் அழுக்கு அங்கே. ஸ்லைடை நகர்த்துங்கள், கூடவே நகர்ந்தால் ஸ்லைடில். கண்ணை நகர்த்தும்போது மிதந்து வந்தால் அது உங்கள் கண்ணுக்குள்ளேயே இருப்பது.

பெயர் வைப்பதற்கு முன் அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டரை 100 பாகமாக்கிய ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் இருந்தால் ஒரு பாகம் 10 மைக்ரான், ஐபீஸ் அளவுகோலை ஒவ்வோர் ஆப்ஜெக்டிவுக்கும் தனித்தனியே ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் 4எக்ஸில் ஒளிபுகும் ஸ்கேலை வைத்து வட்டத்தின் அகலத்தை எண்ணி, 10எக்ஸுக்கு 2.5ஆலும் 40எக்ஸுக்கு 10ஆலும் வகுத்தால் போதும். 50 மைக்ரான் நீளப் பச்சை நீந்தியை யூக்ளினா என்று சந்தேகிக்கலாம். அரை மில்லிமீட்டர் பச்சை உருண்டை யூக்ளினாவாக இருக்க முடியாது.