புதிய மருந்து மனிதருக்குப் போகும் முன்: பாதுகாப்புச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எலிக்குக் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று சொன்னால் அது இன்னும் ஒரு முடிவாகவில்லை. எவ்வளவு கொடுத்தோம், எத்தனை நாள் கொடுத்தோம், கொடுத்த மருந்து ரத்தத்தில் சேர்ந்ததா, எந்த உறுப்பையெல்லாம் வெட்டிப் பார்த்தோம் என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

மனிதச் சோதனைக்கு முந்தைய கட்டத்தின் வேலை, மருந்து நல்லது என்று சான்றிதழ் கொடுப்பது இல்லை. அது உடம்பின் எந்த இடத்தில், எந்த அளவில் கெடுதல் செய்யும், அந்தக் கெடுதல் ஆறுமா, ஆறாதா என்று துருவித் தேடுவதுதான். இங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை. கெடுதலைத் தேட வேண்டிய இடத்தில் சுத்தமான அறிக்கையைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கெடுதல் தெரியும் முன்பே நிறுத்திக்கொள்வது

வழக்கமாக ஒரு நச்சுச் சோதனையில் மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு ஒன்றும், குறைந்த, நடுத்தர, உச்ச டோஸ் வாங்கும் மூன்று குழுக்களும் இருக்கும். உச்ச டோஸில் ஏதாவது தெரிய வேண்டும். எடை குறையலாம், கல்லீரல் நொதிகள் உயரலாம், சிறுநீரகத் திசுவில் மாற்றம் வரலாம். எதுவுமே தெரியவில்லை என்றால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. முதல் தன்னார்வலரின் உடம்பில் எந்த உறுப்பைக் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை என்றுதான் பொருள். பெரும்பாலான மருந்துகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1000 மி.கி. வரை போய்ப் பார்த்தால் போதும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதற்கு மிகக் கீழேயே, தகுந்த காரணம் இல்லாமல் நின்றுவிட்டால் அந்தச் சோதனை பாதியில் விட்ட சோதனைதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கொடுத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு ரத்தத்தில் இருந்த அளவைப் பார்க்காமல் விடுவது. குடல் ஒரு கட்டத்துக்கு மேல் மருந்தை உறிஞ்சாது. 100 மி.கி. கொடுத்தாலும் 1000 மி.கி. கொடுத்தாலும் ரத்தத்தில் ஒரே அளவுதான் ஏறியிருக்கலாம். அப்படியானால் மூன்று டோஸ் குழுக்கள் இருப்பது காகிதத்தில் மட்டும்தான். அதனால் மருந்து கொடுத்த பிறகு குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து, உச்ச செறிவையும், நேரம் போகப் போக உடம்பு சந்தித்த மருந்தின் மொத்த அளவையும் (மொத்த வெளிப்பாடு) கணக்கிட வேண்டும். விலங்கில் கெடுதல் தெரியாத அளவுக்கும் மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்கும் உள்ள பாதுகாப்பு இடைவெளி இத்தனை மடங்கு என்று சொல்வது அந்த எண்களை வைத்துத்தான். மனித உடம்பு அந்த மருந்தை உடைத்து, விலங்கில் உருவாகாத ஒரு புதிய பொருளை உண்டாக்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உண்டாக்கினால் அந்தப் பொருளை விலங்குச் சோதனை தொடவே இல்லை.

எடையை மட்டும் வைத்து டோஸ் கணக்குப் போடுவது

எலியில் பாதிப்பு எதுவும் தெரியாத உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு 50 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதருக்கு அதை அப்படியே பெருக்கினால் 3000 மி.கி. வரும். இது தவறு. சிறிய விலங்கின் உடம்பு மருந்தை வேகமாகச் செலவழிக்கும். எடையை விட உடல் பரப்பளவு அதற்கு நெருக்கமான அளவுகோல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி எலியின் அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும். நாய்க்கு 1.8, சுண்டெலிக்கு 12.3. நம் கணக்கில் 50-ஐ 6.2-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 8 மி.கி., 60 கிலோவுக்குச் சுமார் 480 மி.கி. அதையும் அப்படியே கொடுப்பதில்லை. பாதுகாப்புக்காகக் குறைந்தது பத்தில் ஒரு பங்காக்கி, 48 மி.கி.யை உச்ச வரம்பாக வைத்துத் தொடங்குவார்கள். முதலில் வந்த 3000 எங்கே, இந்த 48 எங்கே!

சரி, இந்த வகுத்தல் எல்லா மருந்துக்கும் பொருந்துமா? பொருந்தாது. அதற்கு விலை கொடுத்தவர்கள் ஆறு இளைஞர்கள்.

விலங்கைப் பழக்கத்துக்காகத் தேர்ந்தெடுப்பது

2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன்1412 என்ற எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்து முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. நோயெதிர்ப்பு டி செல்களின் மேல் இருக்கும் சிடி28 என்ற ஏற்பியைப் பிடித்துத் தூண்டுவது அதன் வேலை. குரங்குகளில் கிலோவுக்கு 50 மி.கி. வரை கொடுத்தும் கடுமையான பாதிப்பு இல்லை. மனிதருக்குக் கொடுத்தது கிலோவுக்கு 0.1 மி.கி., அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. காகிதத்தில் பார்த்தால் தாராளமான எச்சரிக்கை. ஆனால் மருந்து ஏறிய ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகு வலி, காய்ச்சல் என்று ஆரம்பித்து, ஆறு பேருக்கும் பல உறுப்புகள் செயலிழக்கும் நிலை வந்தது. உயிர் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் கால் விரல்களை இழந்தார்.

குரங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மருந்து ஒட்டும் அந்த ஏற்பியின் அமைப்பு மனிதரிலும் அந்தக் குரங்கிலும் ஒன்றுதான். ஆனால், சைட்டோகைன் என்னும் அழற்சிப் பொருட்களை வெள்ளமாகக் கொட்டக்கூடிய ஒரு வகை நினைவு டி செல்லில், குரங்குக்கு அந்த ஏற்பியே கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது. பூட்டு ஒரே மாதிரி இருந்தது, ஆனால் குரங்கில் அது அந்தக் கதவில் இல்லை. ஏற்பியின் அமைப்பு பொருந்துகிறது என்பதோடு நிற்காமல், அந்த ஏற்பி எந்தெந்தச் செல்லில் இருக்கிறது, பிடித்தால் அந்தச் செல் என்ன செய்கிறது என்று மனிதச் செல்களிலேயே பார்க்க வேண்டியிருந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2007-இல் ஐரோப்பிய மருந்து முகமை முதல் மனிதச் சோதனைக்கென்றே ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட மருந்துகளுக்குக் கெடுதல் தெரியாத அளவிலிருந்து கீழே இறங்கி வராமல், உடம்பில் மிகச் சிறிய விளைவு தெரியக்கூடிய அளவிலிருந்து தொடங்கும் முறை பரவியது. ஒரே நேரத்தில் பலருக்கும் கொடுக்காமல், முதல் ஆளைக் கவனித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பதும் வழக்கமானது. லண்டனில் ஆட்களுக்கிடையே இருந்த இடைவெளி ஏறக்குறைய பத்து நிமிடம்தான்.

விலங்குத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்று அதற்கு வெகு காலம் முன்பே காட்டியது தாலிடோமைட். 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உடலமைப்பைக் குலைத்த மருந்து. எலிக்கும் சுண்டெலிக்கும் அது பெரிதாக எதுவும் செய்யாது. முயலின் கருவைப் பாதிக்கும். கரு வளர்ச்சிச் சோதனையை எலி, முயல் என்று இரண்டு இனங்களில் செய்யச் சொல்வது இதனால்தான். இதயத்துக்கும் இதே கதை. மனித இதயத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்த, பொட்டாசியம் செல்லை விட்டு வெளியேறும் ஒரு வழியை அடைக்கும் மருந்து, ஆபத்தான துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விடலாம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து 1990களில் சந்தையை விட்டுப் போனது இதனால்தான். வளர்ந்த எலியின் இதயம் அந்த வழியை அதிகம் நம்பி இயங்குவதில்லை. எலியின் இதயத்தில் தேடினால் அந்த ஆபத்து கண்ணில் படாது.

குறுகிய காலச் சோதனையை நீண்ட கால மருந்துக்கு நம்புவது

1993-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலூரிடின் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. பல வாரங்கள் கழித்து ஏழு பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், மற்ற இருவரைக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை காப்பாற்றியது. மருந்தைச் செல்லின் மைட்டோகாண்டிரியாவுக்குள் ஏற்றிச்செல்லும் கடத்துப் புரதம் மனிதருக்கு அங்கே இருக்கிறது, எலிக்கு இல்லை. அதனால் எலிச் சோதனைகளில் இந்த ஆபத்து தெரியவில்லை. நச்சு மெதுவாகச் சேர்ந்துகொண்டே போகும் மருந்துகளில், சில நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பது எதையும் உறுதி செய்யாது. மனிதரில் எவ்வளவு காலம் கொடுக்கப் போகிறோமோ, குறைந்தது அவ்வளவு காலமாவது விலங்கில் கொடுத்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மிகக் குறுகிய மனிதச் சோதனைக்கே இரண்டு வாரச் சோதனை கேட்பார்கள். அப்புறம், மருந்தை நிறுத்தியபின் சில விலங்குகளைத் தனியே வைத்திருந்து, பாதிப்பு ஆறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். செலவைக் குறைப்பதாக நினைத்து இந்த மீட்சிக் குழுவை வெட்டிவிடுகிறார்கள். வெட்டக் கூடாத இடம் அது.

கரைக்கும் திரவத்தையும் கலப்புப் பொருளையும் மறப்பது

1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து இனிப்பு மருந்தாக விற்றார்கள். சுவை, நிறம், மணம் எல்லாம் பார்த்தார்கள். நச்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். கொன்றது கரைத்த திரவம். அடுத்த ஆண்டே, விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

இன்று இந்தத் தவறு வேறு உருவத்தில் வருகிறது. விலங்குச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்தில் பளிச்சென்று சுத்திகரித்த மருந்தைக் கொடுப்பார்கள். மனிதச் சோதனைக்குப் பெரிய அளவில் தயாரித்தது போகும். அதில் புதிய கலப்புப் பொருட்கள் வந்திருந்தால், அவற்றை எந்த விலங்கும் பார்த்திருக்காது. சோதனைக்குப் போகும் மருந்து, மனிதருக்குப் போவதை விடச் சுத்தமாக இருக்கக் கூடாது.

சிறு எண்ணிக்கையைப் பெரிதாக நம்புவது

பத்து விலங்கில் ஒன்றுக்கும் பாதிப்பு வரவில்லை என்றாலும், உண்மையான பாதிப்பு விகிதம் நூற்றுக்கு 25 வரை இருக்க வாய்ப்பு உண்டு. கணக்கு அப்படித்தான் வருகிறது. நாய்களில் ஒரு டோஸுக்கு ஒவ்வொரு பாலிலும் மூன்று நான்குதான் இருக்கும். அதில் ஒரு நாய்க்கு மட்டும் கல்லீரல் நொதி உயர்ந்தால், “புள்ளியியல்படி முக்கியமில்லை” என்று தள்ளிவிடுவது பெரிய அபத்தம். அந்த ஒரு நாயின் திசுவைத்தான் முதலில் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1970களில் அமெரிக்காவின் இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் ஆய்வுக்கூடத்தில் நடந்த போலிப் பதிவுகள் வெளியே வந்ததும் ஒரு காரணமாகி, நல்ல ஆய்வுக்கூட நடைமுறை விதிகள் 1978-இல் வெளியாயின. அந்த விதிகளை அலுவலகச் சடங்காக நினைப்பவரிடம் விலங்கையும் மருந்தையும் ஒப்படைக்கக் கூடாது.

கண்டதை அடுத்தவரிடம் முழுதாகச் சொல்லாமல் விடுவது

2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் பிஐஏ 10-2474 என்ற மருந்தின் சோதனை. சுண்டெலி, எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் பார்த்த மருந்து. தினம் 50 மி.கி. வாங்கிய குழுவில் ஒருவர் ஞாயிறு மாலை மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் காலை மற்ற ஐவருக்கும் அடுத்த டோஸ் கொடுக்கப்பட்டது. முதலாமவர் இறந்தார். இலக்காக வைத்த நொதியை முழுதாக அடக்கத் தேவையான அளவை விட அந்த டோஸ் பல மடங்கு அதிகம் என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த மருந்து வேறு பல நொதிகளையும் பிடிக்கிறது என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது.

மனிதச் சோதனை நடத்தும் மருத்துவருக்குப் போகும் கையேட்டில் விலங்குகளில் கண்டது எல்லாம், விளக்கம் கிடைக்காதது உட்பட, இருக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் டோஸை ஏற்றுவதில் பயன் இல்லை, எந்த அறிகுறி வந்தால் அன்றே அனைவருக்கும் நிறுத்த வேண்டும் என்பதை முதல் டோஸுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் திங்கள் காலை என்ன செய்வது என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கும்படி விடக் கூடாது.