விமான பிஸ்டன் எஞ்சினின் பற்றவைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஓட்டிப் பழகிய ஒருவர் சிறு விமானத்தின் எஞ்சினை அணுகும்போது, சாவியைத் திருப்பி அணைத்தால் பற்றவைப்புக்குச் செல்லும் மின்சாரம் நின்றுவிடும் என்ற எண்ணத்தையும் உடன் கொண்டுவருகிறார். மேக்னெட்டோ பொருத்திய எஞ்சினில் அந்த எண்ணம் உயிரைப் பறிக்கக்கூடியது.

மேக்னெட்டோ என்பது எஞ்சினே சுழற்றும் சிறு மின்னாக்கி. அதனுள் நிலைக்காந்தம் சுழலும்போது இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலம் மாறி, முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அந்த ஓட்டம் வலுவாக இருக்கும் கணத்தில் பாயின்ட் எனப்படும் தொடுமுனைகள் திறந்து சுற்றைத் துண்டிக்க, காந்தப்புலம் சட்டென்று சரிந்து, துணைச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் தோன்றுகிறது. அதை டிஸ்ட்ரிபியூட்டர் உரிய சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. இதற்குப் பேட்டரியும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம்.

அப்படியானால் அதை அணைப்பது எப்படி? முதன்மைச் சுருளிலிருந்து பி-லீட் எனப்படும் கம்பி ஒன்று விமானியின் சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சை அணைந்த நிலையில் வைக்கும்போது அந்தக் கம்பி எர்த்துடன் இணைவதால், பாயின்ட் திறந்தாலும் முதன்மை மின்னோட்டம் துண்டிக்கப்படுவதில்லை, தீப்பொறியும் எழுவதில்லை. ஆகவே அணைப்பதற்குத்தான் இங்கே இணைப்பு தேவை. பி-லீட் அறுந்தாலோ கழன்றாலோ, சாவி பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும்.

இதை மறந்து, நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் ப்ரொபெல்லரைக் கையால் சும்மா திருப்பிப் பார்ப்பதே எல்லாத் தவறுகளிலும் கொடியது. மெதுவாகத் திருப்பினால் பொறி வராது என்று நினைப்பவர்கள் ஸ்டார்ட் செய்ய உதவும் இம்பல்ஸ் கப்ளிங் என்ற சுருள்வில் அமைப்பை மறந்துவிடுகிறார்கள். பல எஞ்சின்களில் பொறி, பிஸ்டன் மேல்முனையை அடைவதற்கு 20 முதல் 25 பாகை முன்பே வரும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் மெதுவான வேகத்தில் அது அவ்வளவு முன்கூட்டி வந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும், காந்தம் மெதுவாகச் சுழல்வதால் பொறியும் வலுவற்றிருக்கும். இரண்டையும் தீர்க்க, இம்பல்ஸ் கப்ளிங் காந்தத்தைச் சற்றே பிடித்துவைத்துச் சுருள்வில்லை முறுக்கி, மேல்முனைக்கு அருகில் ‘டக்’ என்று விடுவிக்கிறது. அந்தச் சொடுக்கலில் வலுவான பொறி பிறக்கிறது. கையால் ஒரு கால் சுற்று திருப்பினாலும் அதே சொடுக்கல் நிகழலாம். சிலிண்டரில் சிறிது எரிபொருள் மிஞ்சியிருந்தால் போதும். ஆகவே ப்ரொபெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே கருத வேண்டும். எஞ்சினைச் சாவியால் நிறுத்தாமல், மிக்சர் கைப்பிடியால் எரிபொருளை அடைத்து நிறுத்துவதும் இதனால்தான். நிறுத்துவதற்கு முன் ஐடில் வேகத்தில் சுவிட்சை ஒரு கணம் அணைத்து, எஞ்சின் அடங்கத் தொடங்குகிறதா என்று பார்ப்பது பி-லீட் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைக் காட்டும்; விமானக் கையேடு அனுமதித்தால் இதைத் தவறவிடக் கூடாது.

புறப்படுமுன் செய்யும் மேக்னெட்டோ சோதனையைத் தவறாகப் படிப்பதும் இதோடு தொடர்புடையது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிளக்குகள், அவற்றுக்கு இரண்டு மேக்னெட்டோக்கள். ஒன்று பழுதானாலும் எஞ்சின் ஓடும் என்பதோடு, இருபுறமிருந்தும் தீ பரவுவதால் கலவை விரைவாகவும் முழுமையாகவும் எரிகிறது. சோதனைக்காக ஒன்றை அணைத்தால் எரிதல் தாமதமாகி, சுழற்சி குறைந்தே ஆக வேண்டும். பல சிறு விமானங்களில் நிமிடத்துக்கு 1,700 முதல் 2,000 சுழற்சியில் சோதித்து, 150 அல்லது 175 வரையான குறைவையும், இரண்டுக்கும் இடையே 50 வரையான வேறுபாட்டையும் ஏற்கிறார்கள். உங்கள் எஞ்சினுக்கான எண் அதன் கையேட்டில் இருக்கும். சுழற்சி குறையவே இல்லை என்றால் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அது நல்ல செய்தி அல்ல: அணைத்ததாக நீங்கள் நினைத்த மேக்னெட்டோ அணையவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். குறைவு சீராக இருந்து அளவு மட்டும் மிகுந்தால் டைமிங்கையோ (பொறி எழும் நேரம்) மிகுதியான எரிபொருள் கலவையையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் குலுங்கினால் ஏதோ ஒரு பிளக் பொறி தரவில்லை.

சோதனையின்போது கை தவறி இரண்டையும் அணைத்துவிட்டால், பதறி உடனே மீண்டும் போடக் கூடாது. எரியாத கலவை அதற்குள் சூடான புகைக்குழாயில் நிரம்பியிருக்கும். பொறி திரும்பியதும் அது வெடித்து மஃப்லரைக் கிழிக்கக்கூடும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடி எஞ்சினை நிற்க விடுவதே மேல்.

குலுங்கும் எஞ்சினுக்குக் காரணம் பெரும்பாலும் பிளக்கில் படிந்த ஈயமோ கரியோதான். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில், தரையில் ஓடும்போது மிக்சரை முழு அளவில் வைத்திருப்பது இதை வளர்க்கிறது. தரையில் மிக்சரை, அதாவது கலவையில் எரிபொருளின் அளவை, நன்றாகக் குறைத்தே ஓட்ட வேண்டும். அரைகுறையாகக் குறைத்து, அதை மறந்து புறப்படுவது ஆபத்து என்பதால், த்ராட்டிலைத் திறந்தால் எஞ்சின் திணறும் அளவுக்குக் குறைப்பதே பாதுகாப்பு.

பராமரிப்பில் நேரும் தவறுகள் சிறியவையாகத் தெரியும். கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருக்கலாம். அதை மீண்டும் பொருத்தவே கூடாது. பாயின்ட் தேய்ந்தால் டைமிங் முந்தும், பாயின்ட்டைத் திறக்கும் கேமைத் தொடும் பகுதி தேய்ந்தால் பிந்தும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று நம்பி, பல மேக்னெட்டோக்களுக்கு விதிக்கப்பட்ட 500 மணி நேர உட்சோதனையைத் தள்ளிப்போடுவது முறையல்ல.

மின்னணுப் பற்றவைப்புக்கு மாறியவர்களுக்கு நேர் எதிரான ஒரு தவறு காத்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் செயலிழந்தாலும் எஞ்சின் ஓடும் என்ற பழைய நிம்மதி, விமானத்தின் மின்சாரத்தையே நம்பியிருக்கும் மின்னணு அமைப்புகளுக்குப் பொருந்தாது. இரண்டு பக்கமும் அத்தகைய அமைப்பே இருந்து, மாற்றுப் பேட்டரியும் இல்லையென்றால், முதன்மைப் பேட்டரி தீரும் நேரமே எஞ்சின் நிற்கும் நேரம்.