மில்ஸ் கையெறிகுண்டின் அடிமூடியில் உள்ள முத்திரைகளைப் படிக்க
பிரிட்டிஷ் படை 1915 முதல் பயன்படுத்திய மில்ஸ் கையெறிகுண்டின் பாகம் எதுவானாலும், வெடிமருந்து நீக்கப்பட்டதென உரியவர்கள் உறுதி செய்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும். மண்ணில் கிடைத்ததை அறவே தொடாமல், விலகி நின்று காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அடியில் திருகப்படும் வட்டமான மூடியைத்தான். குண்டின் வகை எண்ணும், தயாரிப்பாளரின் பெயரோ முதலெழுத்துகளோ, பல மூடிகளில் மாதமும் ஆண்டும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 36 என்ற எண்ணை அடுத்து வரும் ‘எம்’ என்ற எழுத்து மெசபடோமியாவை (இன்றைய ஈராக் பகுதி) குறிக்கும். வெப்பமான அப்பகுதியில் பயன்படுத்துவதற்காக, ஈரம் உள்ளே புகாதபடி அரக்குப் பூசப்பட்ட வகை அது.

துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் மெல்லிய எழுத்துகளே முதலில் அழிந்துபோகும் என்பதால், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பித் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் இலேசாக உரசியும் படியெடுக்கலாம்.

உடலை வார்த்த ஆலையும் மூடியைச் செய்த பட்டறையும் பெரும்பாலும் வெவ்வேறு என்பதால், இரண்டிலும் வெவ்வேறு முத்திரைகள் இருப்பதை மட்டும் வைத்துப் பொருளைப் போலியென்று ஒதுக்கிவிடாதீர்கள்.