கார் ஆம்ப் நீண்ட நாள் உழைக்க

கார் ஆம்ப்ளிஃபயருக்கு முதல் எதிரி சூடு. டிக்கியில் விரிப்புக்கு அடியிலோ பைகளுக்கு நடுவிலோ அதை வைக்காதீர்கள். அதன் மேல் வரிவரியாக இருக்கும் அலுமினியம் அழகுக்கு அல்ல, சூடு வெளியேறும் வழியே அதுதான். சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டி மேல் திருகி வைப்பதும் வேண்டாம். அந்த அதிர்வில் உள்ளே இருக்கும் ஈயப்பற்று நாளடைவில் விட்டுவிடும்.

அப்புறம் எர்த் வயர். என் காரில் வால்யூமைக் கூட்டினாலே ஆம்ப் நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால், எர்த்தைக் கார் பாடியின் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு பளபளவென்று தெரியும்வரை தேய்த்து மறுபடி முடுக்கினேன். அதோடு சரியாகிவிட்டது. எர்த் வயர் பவர் வயர் அளவுக்குத் தடிமனாக, அரை மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கும். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பை அமைக்கத்தான் அது, வால்யூம் அல்ல. இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். பாடகர் குரல் பிசிறத் தொடங்கியதும் சற்றுக் குறைத்து நிறுத்திவிடுங்கள்.

4 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கர் இரண்டை இணையாகக் (பேரலல்) கோத்தால் 2 ஓம் ஆகிவிடும். உங்கள் ஆம்ப் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் வயரே தீப்பிடிக்கலாம்.