வெள்ளத்துக்குப் பிறகு மாதர் சங்கம் விடக்கூடாத பிழைகள்

வெள்ளம் வந்து சனம் பள்ளிக்கூடத்தில் ஏறினால், மாதர் சங்கத்தைத் தேடி முதலில் வருவது கிடாரம். "அக்காமார், சமையலைப் பாருங்கோ" என்பார்கள். நாங்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய் துருவப் போய்விடுவோம். அங்கால் மேசையில் இருந்து பெயர்ப்பட்டியல் எழுதுவது வேறு ஆட்கள். சமைப்பதில் பிழையில்லை. பசித்த பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் ஒருத்தி விடாமல் எல்லாரும் அடுப்படிக்குப் போவதுதான் முதல் பிழை. இரண்டு பேராவது அந்த மேசையடியில் இருக்க வேண்டும்.

நிவாரணம், நட்டஈடு எல்லாம் அந்தப் பட்டியலில்தான் தொங்குகிறது. 2018 மார்கழியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கண்டாவளைப் பக்கம் தண்ணீருக்குள் போனபோது இதைப் பட்டுத்தான் அறிந்தோம். 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர். அந்த வளவுக்குள் தாய்க்கு ஒரு அடுப்பு, மணம் முடித்த மகளுக்கு ஒன்று, புருசன் காணாமல்போன மருமகளுக்கு ஒன்று. மூன்று உலைக்கும் ஒரு பொதி வந்தது. மாமியும் மருமகளும் வகுப்பறை வாங்கில் இருந்து, மீன்ரின்னை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பருப்பைச் சுண்டால் அளந்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் அடுப்பைத்தான் எண்ணுகிறோம். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு கார்பன் தாள் போதும். இன்சுலின் போடுகிறவர் யார், எந்த வீட்டில் ஒன்பது மாதம், செயற்கைக் காலோடு தண்ணீருக்குள் நடக்க ஏலாதவர் யார் என்பதெல்லாம் ஒழுங்கையில் நின்று கதைக்கிற பெண்களுக்குத் தெரியும். ஒரு பிரதியைக் கிராம அலுவலரான ஜீ.எஸ்.ஸிடம் கொடுத்து, எங்கள் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். 2004 சுனாமி, 2020 புரெவிப் புயல், 2025 டித்வாப் புயல் என்று வன்னி காணாத அனர்த்தம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கொப்பியைப் புதிதாகத் தொடங்குகிறோம். ஐப்பசி மழைக்கு முதலே எழுதி முடித்திருக்க வேண்டிய கொப்பி அது.

முகாமில் மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று பின்னேரமே பாருங்கள். இருட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

காணிப் பத்திரம் அடுத்த சிக்கல். வீடு இடிந்த பிறகுதான் அரச காணிக்குத் தந்த அனுமதிப்பத்திரம் இறந்துபோன மாமனார் பெயரில் கிடப்பது நினைவுக்கு வரும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரிமையில், அதாவது இறந்தவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பதில், ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்திருந்தது. 2022இல் அதைத் திருத்தினார்கள். எங்கள் பெண்கள் பலருக்கு இது தெரியாது. வெயில் காலத்தில் நாலைந்து பேராகச் சேர்ந்து பிரதேச செயலகக் காணிப் பகுதிக்குப் போய்வாருங்கள். காணாமல்போனவரின் மனைவியிடம் மட்டும் மரணச் சான்றிதழ் எடுக்கும்படி சங்கம் வற்புறுத்தக்கூடாது. அது அவளுடைய முடிவு.

சேறு காயமுதலே நுண்நிதிக் கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார்கள். ஆடு செத்த வீட்டில் கைநீட்டத் தோன்றும்தான். ஆனால் குழுவாகக் கையெழுத்து வைத்தால், ஒருத்தி தவணை தவறும்போது மற்றவர்கள் போய் அவள் வாசலில் நிற்க வேண்டும். அத்தோடு சங்கமும் உடையும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட இத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. சங்கச் சேமிப்பு முழுவதையும் சுழற்சிக் கடனில் விட்டுவிடாமல், கொஞ்சத்தை மார்கழி முடியும்வரை தொடாமல் வையுங்கள்.

கிணற்றில் அவசரம் வேண்டாம். தண்ணீர் வடிந்த கையோடு மிசினைப் போட்டு அடிவரை இறைத்தால், ஊறிய மண் தள்ளிக் கட்டு இடிந்துபோகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு, ஆறுதலாக இறைத்துக் குளோரின் போடுங்கள். அதுவரை கொதித்தாறிய தண்ணீர்தான். வயலுக்குள் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையையும் அவரிடமே கேட்கலாம். வெள்ளம் கொண்டுவந்து போட்ட எந்த இரும்பையும் பிள்ளைகள் தொடக்கூடாது. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கிற மண் இது.