போரிங் தண்ணீரும் மாருதி 800-ம்: செய்யக் கூடாதவை

ஒரு சித்திரைத் திருவிழாவின்போது எங்கள் வீட்டு மாருதி 800 மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் ஆவி பறக்க நின்றது. ஓட்டியவர் மாமா. பக்கத்துக் கடையில் ஒரு குடம் போரிங் தண்ணீர் வாங்கினார். துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, பீய்ச்சியடித்த வெந்நீரிலிருந்து எப்படியோ முகத்தைத் தப்பவைத்துக்கொண்டு, குடத்தை அப்படியே கவிழ்த்தார். வண்டி கிளம்பியது, வீடும் வந்து சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிற்று. "வயசான வண்டி, அப்படித்தான்" என்றார் மாமா. வண்டிக்கு வயதானது உண்மைதான். ஆனால் கேஸ்கெட்டைத் தின்றது வயதில்லை, அந்தக் குடம்.

இந்த இன்ஜினைப் பற்றி முதலில் கொஞ்சம். 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. நம் தெருக்களில் இன்னும் ஓடுபவற்றில் பெரும்பாலும் இருப்பது எஃப்8பி என்ற சுசுகி இன்ஜின். மூன்று சிலிண்டர், 796 சிசி. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மேலே அவற்றைத் திறக்கும் ஒற்றை கேம்ஷாஃப்ட், அதைச் சுழற்ற ரப்பர் டைமிங் பெல்ட். முதலில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர், 2000-க்குப் பிறகு சிலிண்டருக்குத் தனித்தனியே பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினின் சக்தி நிமிடத்துக்கு 5000 சுற்றில் 37 குதிரைத்திறன், 2500 சுற்றில் 59 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. கேட்கச் சின்ன எண்கள்தான். ஆனால் வண்டியே ஏறக்குறைய 650 கிலோ. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேலூருக்குப் போய்வர இது தாராளம்.

ஸ்பேர் கடையில் "800-க்கு ஹெட் கேஸ்கெட் குடுங்க" என்று மட்டும் கேட்பதே ஒரு தவறு. ஆல்ட்டோவில் வந்த எஃப்8டி இன்ஜினும் 796 சிசிதான், அதற்குப் பன்னிரண்டு வால்வு. ஹெட்டே வேறு. ஆண்டு, கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா, ஆறு வால்வா பன்னிரண்டா என்று சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழைய பாகத்தைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

இனி தண்ணீர். எங்கள் தெருவில் போரிங் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு நிற்கும். தேய்த்தாலும் போகாது. அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் நிற்கிறது. குழாய் அடைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. இன்னொரு பக்கம், வெறும் தண்ணீர் அலுமினியம் ஹெட்டை அரிக்கும். வாட்டர் பம்ப்பையும் விடாது. கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் என்பது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான், பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும், ஐந்து லிட்டர் கேனை டிக்கியில் போட்டு வையுங்கள். "கூலன்ட் குளிர் நாட்டுக்காரனுக்கு" என்று சொல்லும் மெக்கானிக் பாதிதான் தெரிந்தவர். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. நமக்கு வேண்டியது துரு பிடிக்காமல் காக்கும் இன்னொரு வேலை.

சூடான இன்ஜினில் மூடியைத் திறப்பது ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த மூடி வெறும் மூடியில்லை, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120-ஐ நெருங்கித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது மொத்தமும் ஒரேயடியாகக் கொதித்துப் பீறிடும். முகம் வெந்தவர்கள் உண்டு. அதோடு, கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் அலுமினியம் ஹெட் ஒரு வேகத்திலும் இரும்பு பிளாக் இன்னொரு வேகத்திலும் சுருங்கும். ஹெட் வளையும், கேஸ்கெட் விடும். மாமா அன்று செய்திருக்க வேண்டியது எளிது. ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்து, முக்கால் மணி நேரம் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். நிறுத்த இடமே இல்லையென்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வேர்த்து வடிவார்கள், இன்ஜின் பிழைக்கும்.

கேஸ்கெட் போனபின் வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்டுவது இன்னொரு தவறு. ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தளம் பார்த்து, தேவையானால் ஃபேஸிங் போட்டு மட்டமாக்கிய பிறகே பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் மறுபடியும் தண்ணீர் கலந்து ஆயில் மோர் நிறத்தில் வந்து நிற்கும்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் கிட்டத்தட்ட சடங்கு. "மதுரை வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்பார்கள். எண்பது டிகிரியைத் தாண்டினால்தான் அது முழுதாக வழிவிடும், அதனால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். அது இல்லையென்றால் சிம்மக்கல்லிலிருந்து காளவாசலுக்குப் போகிற தூரத்துக்கெல்லாம் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், மைலேஜ் குறையும், சிலிண்டர் தேயும். ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். கழற்றிவிட்டுப் போகக் கூடாது.

எங்கே சூடாகிறது என்பதைக் கவனிக்காமல் செலவு செய்பவர்கள் அதிகம். சிக்னலில் சூடேறி, ஓட ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் இறங்கினால் மின்விசிறி, அதன் ஸ்விட்ச், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, திருமங்கலம் தாண்டி எண்பதில் போகும்போது முள் ஏறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு. விசிறியை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் தீராது. இரண்டிலும் சேராத ஒன்றும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் "ஆல்டர்னேட்டர்தானே, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்குக் கொடைக்கானல் ஒரு தனிப் பாடம். மதுரை சுமார் நூறு மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100-ஐ ஒட்டி. மேலே காற்று மெலிவதால் பெட்ரோல் விகிதம் கூடிப்போகும். வண்டி இழுக்காது, கறுப்புப் புகை வரும். பதறிப்போய் மேலேயே ஒரு பட்டறையில் விட்டு ட்யூனிங் செய்துகொண்டு, வத்தலக்குண்டு இறங்கியதும் பிக்கப் இல்லை, இன்ஜின் சூடாகிறது என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே பெட்ரோலைக் குறைத்து வைத்ததுதான் கீழே அப்படிக் காட்டுகிறது. இரண்டு நாள் பொறுத்துக்கொண்டால் போதும், இறங்கினால் தானே சரியாகிவிடும்.

புகை விஷயத்தில்தான் பணம் அதிகம் போகிறது. நீலப் புகையைக் கண்டதும் "போரிங் பண்ணணும், பிஸ்டன் மாத்தணும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். (இது வேறு போரிங், தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது. தண்ணீர் வராது, பணம்தான் போகும்.) காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலம் வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான். செலவு கொஞ்சம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். சந்தேகமிருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைந்திருந்தால் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்தச் சோதனை செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது விற்பவரின் தந்திரம், வைத்திருப்பவர் செய்யக் கூடாது.

இப்போது பங்குகளில் வரும் ஈ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், வெடிப்பு விடும். பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம், ஹோஸ் முழுவதையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க்கும் கார்புரேட்டரும் பாழாகும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதும் உதவாது. ஆயில் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும். அழகர் கோவில் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள்.

டைமிங் பெல்ட்டுக்கு வயதும் கணக்கு. கிலோமீட்டர் குறைவு என்று பத்து வருடம் விட்டுவைக்காதீர்கள்.

பழைய 800 வாங்கப் போகிறவர்கள் "காலை பத்து மணிக்கு வர்றேன்" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவார்கள். விற்பவர் ஒன்பதரைக்கே ஸ்டார்ட் செய்து வைத்துவிடுவார். அதன்பிறகு வால்வு சீல் புகையும் தெரியாது, சோக்கை இழுக்காமல் கிளம்புமா என்பதும் தெரியாது. போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வர்றேங்க" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.