கேஸ் கீசர் பாதிக் குளியலில் அணைந்துபோனால்

கேஸ் கீசர் அடிக்கடி அணைகிறதென்றால் ஸ்பேனரை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். குழாயைத் திறந்ததும் சத்தமே வரவில்லையா? 'டிக் டிக்' கேட்டும் தீ பிடிக்கவில்லையா? பிடித்து பத்து வினாடிக்குள் போகிறதா, நாலைந்து நிமிடம் எரிந்துவிட்டுப் போகிறதா? கோளாறு எங்கே என்பது பாதி இதிலேயே தெரிந்துவிடும். சரியாக 20 நிமிடத்தில் அணைந்தால் அது கோளாறே இல்லை. பல மாடல்களில் பாதுகாப்புக்காக அந்த நேரத்துக்கு டைமர் வைத்திருக்கிறார்கள்.

வேறெதற்கும் முன்னால் ஒன்று. கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால் ரிப்பேரை விட்டுவிட்டு, அதை யூட்டிலிட்டிக்கோ பால்கனிக்கோ மாற்றுங்கள். மூடிய அறையில் எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. சில கீசர்கள் காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக நிற்கும். அப்படி நிற்பதைத்தான் பலரும் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சத்தமே வராவிட்டால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, அல்லது பேட்டரி செத்துவிட்டது. தண்ணீர் ஓடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் ஒரு சின்ன பின்னைத் தள்ளும், அந்தப் பின் மைக்ரோ சுவிட்சை அசைக்கும். அதற்குப் பிறகுதான் ஸ்பார்க்கும் கேஸும். ஒரு லிட்டர் மக்கைச் சுடுநீர்க் குழாயடியில் வையுங்கள். 6 லிட்டர் கீசரென்றால் (நிமிடத்துக்கு 6 லிட்டர் வரை சூடாக்குவது) 20 வினாடிக்குள் மக் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் பின் முழுதாக நகராது. நகர்ந்தாலும் பாதியில் பின்வாங்கும்.

பெங்களூரில் ஸ்ரீராமபுரத்திலோ விவேக்நகரிலோ மேல்மாடி வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். டேங்க் மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கும் கீசருக்கும் நாலைந்து அடி உயரம்தான் வித்தியாசம். பல கீசர்களுக்கு 0.25 பார் அழுத்தம், அதாவது எட்டடிக்குச் சற்று மேல் உயரம் வேண்டும். டேங்குக்கு ஸ்டாண்ட் கட்டுங்கள், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் போடுங்கள். கீசரை மாற்றினால் இது தீராது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று குறைந்திருந்தால், தண்ணீர் உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி வாயிலிருக்கும் வலையைப் பாருங்கள். டேங்கர் தண்ணீர் விட்ட மறுவாரம் அதில் செம்மண் படிந்திருக்கும். போர்வெல் தண்ணீரென்றால் வெள்ளைச் சுண்ணாம்புத் துகள். பழைய டூத்பிரஷ் போதும்.

மிக்ஸரில் பச்சைத்தண்ணீரைப் பெரிதாகத் திறந்தாலும் இதே கதைதான். அந்தப் பக்கம் அழுத்தம் போய்விட்டால் கீசருக்குள் ஓட்டம் குறைந்து தீ அணையும். சூடு அதிகமென்றால் பச்சைத்தண்ணீரைக் கலக்காமல் கீசரின் கேஸ் குமிழைக் குறையுங்கள், அல்லது சம்மர்-விண்டர் குமிழைச் சம்மர் பக்கம் திருப்புங்கள்.

'டிக் டிக்' கேட்டும் தீ வராவிட்டால் கேஸ் வருகிறதா என்று பாருங்கள். புது சிலிண்டர் மாட்டியபின் ஹோஸில் காற்று நிற்கும். இரண்டு மூன்று முறை குழாயைத் திறந்து மூடினால் சரியாகும். அதற்கும் வராவிட்டால் மங்கலான வெளிச்சத்தில் பர்னரை எட்டிப் பாருங்கள். ஸ்பார்க் பர்னரில் விழாமல் பீங்கான் குச்சியின் நடுவில் நீலமாகத் தெறித்தால் அந்தக் குச்சியில் விரிசல் விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

பிடித்து பத்து வினாடிக்குள் அணைந்தால் இரண்டே சந்தேகம். முதலில் பேட்டரி. பெரிய டார்ச் செல் இரண்டு, சேர்ந்து 3 வோல்ட். செல் பலவீனமானாலும் ஸ்பார்க் அடிக்கப் போதுமான சக்தி இருக்கும், ஆனால் கேஸ் வால்வைத் திறந்தே பிடித்து வைக்கப் போதாது. அதனால் கடையில் சோதித்தபோது நன்றாக இருந்த செல்லே இங்கே ஏமாற்றும். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பார்க் அடிக்கும்போது அளந்து பாருங்கள்; 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஆல்கலைன் செல்லாக மாற்றுங்கள். பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சைப் பூ பூத்திருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள்.

அடுத்து தீயை உணரும் கம்பி. சுடர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் சர்க்யூட் வால்வைத் திறந்தே வைக்கும். கரி படிந்தால் தீ இருப்பதே அதற்குத் தெரியாது. சிலிண்டரை மூடி, செல்லைக் கழற்றி, முன்மூடியை எடுத்து, கம்பியை ஜீரோ நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். வளைத்துவிடாதீர்கள், நுனி சுடருக்குள் நிற்க வேண்டும்.

நாலைந்து நிமிடம் கழித்து அணைந்தால், அணையும் முன் தண்ணீர் எப்படி இருந்தது? கொதித்ததா, ஆறிக்கொண்டே வந்ததா?

ஆறியிருந்தால் கேஸ் பற்றாக்குறை. 6 லிட்டர் கீசர் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ கேஸ் குடிக்கும், அடுப்பின் பெரிய பர்னர் ஐந்தாறு சேர்ந்து குடிக்கிற அளவு. அதே சிலிண்டரில் அடுப்பும் எரிந்தாலோ, டிசம்பர் குளிரில் சிலிண்டர் முடியும் தறுவாயில் இருந்தாலோ அழுத்தம் விழும். சிலிண்டரின் அடிப்பக்கம் வியர்த்துச் சில்லென்றிருப்பது அடையாளம். தனி சிலிண்டர் வைப்பது நல்லது.

கொதித்திருந்தால் சூட்டு சென்சார் தன் வேலையைச் செய்திருக்கிறது. போர்வெல் தண்ணீர் செம்புக் காயிலில் சுண்ணாம்பைப் படியவிட்டு ஓட்டத்தைக் குறுக்கிவிட்டது. கேஸையும் தண்ணீரையும் மூடி, இரண்டு தண்ணீர் ஹோஸையும் கழற்றுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து காயிலுக்குள் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். நுரை அடங்கியதும் நன்றாக அலசுங்கள். சுண்ணாம்பு நிறைய வந்தால் இன்னொரு தடவை. டாய்லெட் ஆசிட் மட்டும் வேண்டாம், மெல்லிய செம்பை அரித்துவிடும்.

"சென்சார் ஒயரை நேராகச் சேர்த்துவிட்டால் அணையாது" என்று சொல்லும் மெக்கானிக்கை உடனே திருப்பி அனுப்புங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலும் கீசரைப் போடாதீர்கள். பர்னரைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் கேஸ் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.